கைப்பைக்குள் தொங்குகிறவன்

ஃப்ளஷிங், குயின்ஸ்
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அடி மீனு,

நீ அனுப்பிய ஏழு நிமிஷ வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். வளைகாப்பில் உன் நாத்தனார் நடத்திய கூத்துக்கு நானும் உன்னோடு சேர்ந்து பல்லைக் கடித்தேன். அதற்கு விலாவாரியான பதில் அடுத்த தடவை. இப்போது என் கதையைக் கேள். பேசி அனுப்பினால் ஹாலில் இருக்கும் மனுஷர் காதில் விழும். அதனால்தான் ஹாஸ்டல் நாள் மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். உன் பெண்ணிடம் மட்டும் காட்டிவிடாதே, ஆயுசுக்கும் என்னைக் கிண்டல் பண்ணுவாள்.

எனக்கு 53 வயதில் ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. வீடியோ கேம்.

சிரித்து முடித்தாயா? சரி, மேலே படி.

பையன் காலேஜுக்குப் போகும்போது பெரிய கம்ப்யூட்டரைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனான். பழைய ஸ்டீம் டெக்கை மேஜை டிராயரில் விட்டுவிட்டான். வால்வ் கம்பெனி 2022-இல் விற்க ஆரம்பித்த முதல் மாடல். ஏழு அங்குலத் திரை, இரண்டு பக்கமும் பிடி, கட்டைவிரலுக்கு ஆளுக்கொரு குச்சி, ஆள்காட்டி விரலுக்கு விசை, பின்பக்கம் வேறு நாலு பட்டன். ஏறக்குறைய ஒரு அடி நீளம், 669 கிராம். கையில் வாங்கினால் பிஞ்சுச் சுரைக்காய் கனம். பார்த்தால் பொம்மை, உள்ளே முழுக் கம்ப்யூட்டர். டிராயரைத் துடைக்கும்போது, “இதை யாருக்காவது கொடுத்துடட்டுமாடா?” என்று போனில் கேட்டேன். பதறிவிட்டான். “அம்மா, நீயே ஆடிப் பாரேன். ட்ரெயின்ல சும்மாதானே உட்கார்ந்திருக்கே?”

நான் சும்மா உட்கார்ந்திருப்பதாக அவன் நினைத்திருக்கிறான். ரயிலில் நாற்பது நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் கணக்குப் போடுவது சும்மா உட்காருவதாம். போகட்டும்.

அதில் ஏற்கெனவே இருந்தது ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன்’. இன்சோம்னியாக் என்ற கலிஃபோர்னியா கம்பெனி 2018 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 4-க்குச் செய்தது. 2022 ஆகஸ்டில் கம்ப்யூட்டருக்கு வந்தது, அதனால் இந்தச் சுரைக்காய்க்கும் வந்தது. முதலில் வந்தபோது பையனுக்கு 13 வயது. ஹாலில் பெரிய டிவியில் அவன் ஆட, நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன். அதில் ஒரு காட்சி மனதில் நின்றுவிட்டது. ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சீக்கிரம் போகவேண்டும் என்றால் ஸ்பைடர்மேன் சுரங்க ரயிலில் போவான். சிவப்பு நீலச் சட்டை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு, சீட்டில், மற்றவர்களோடு மற்றவனாக. ஒரு தடவை பக்கத்து ஆள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த காட்சி வருவதற்கு யந்திரத்துக்கு நேரம் வேண்டுமாம், அதுவரைக்கும் கண்ணுக்கு ஏதாவது காட்ட இந்த ஏற்பாடு என்றான் பையன். எனக்கென்னவோ முழு ஆட்டத்திலும் அதுதான் நியூயார்க்கை ஒழுங்காகத் தெரிந்தவன் எழுதிய இடம் என்று பட்டது. இந்த ஊரில் யார் எந்த வேஷத்தில் வந்து உட்கார்ந்தாலும் ஒருத்தரும் தலையைத் தூக்கமாட்டார்கள். நான் பட்டுப்புடவையும் ஸ்னோ பூட்ஸும் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போன பொங்கல் அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று, ஸ்பைடர்மேன் எங்கள் ஊர்ப் பையன். நிஜமாகத்தான்! 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படக்கதையில் அவனைக் கொண்டுவந்தார்கள், பெரியப்பா பெரியம்மா வளர்க்கும் அனாதைப் பையனாக. அவன் வீடு இருப்பது குயின்ஸில் ஃபாரஸ்ட் ஹில்ஸ். எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. பாட்மேன் போலப் பங்களா, வேலைக்காரர், கார் எதுவும் கிடையாது. துணியை அவனே தைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சொந்தத்தில்தான் ஆட உட்கார்ந்தேன். பார்த்தால், வரைபடத்தில் குயின்ஸே இல்லை! மன்ஹாட்டன் மட்டும்தான். கீழே வால் ஸ்ட்ரீட் பக்கத்திலிருந்து மேலே ஹார்லெம் வரைக்கும் தெருத்தெருவாக இருக்கிறது, கிழக்கே ஆற்றைத் தாண்டினால் நம்ம பக்கம் வெறும் புகை மூட்டம். விடுவேனா, ஆற்றில் குதித்து நீந்தியும் பார்த்தேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பக் கரைக்கே அனுப்பிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் பெண் வீட்டார் பேரை விட்டுவிட்டு அச்சடித்த மாதிரி இருந்தது. குயின்ஸும் புரூக்ளினும் 2023-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் சேர்ந்தனவாம். அதை ஆடுகிற தெம்பு இந்தச் சுரைக்காய்க்கு இல்லை என்று பையன் சொல்லிவிட்டான்.

சரி, இருக்கிற ஊரையாவது பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். வலது கை ஆள்காட்டி விரல் விசையை அழுத்திப் பிடித்தால் மணிக்கட்டிலிருந்து நூல் பாய்ந்து ஏதோ ஒரு கட்டடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆள் ஊஞ்சல் மாதிரிக் கீழே வருவான். தெருவில் போகிற டாக்ஸியின் கூரையை உரசுகிற உயரம் வரைக்கும் வந்து, மறுபக்கம் ஏறுவான். ஏறும்போது எந்த நொடியில் விசையை விடுகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் விட்டால் முன்னால் பாய்வான், உயரம் வராது. ரொம்பப் பிடித்து வைத்திருந்தால் உயரம் வரும், வேகம் செத்துப்போகும். நம் ஹாஸ்டல் பின்கட்டு வேப்பமரத்து ஊஞ்சலில் நீ காலை உந்தி நீட்டுவாயே, அதே கணக்கு. அந்தக் கணக்கு உடம்புக்கு ஞாபகம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு அப்புறம் கட்டைவிரல் வழியாகத் திரும்ப வருகிறது.

நூல் காற்றில் ஒட்டாது, கட்டடம் வேண்டும். சென்ட்ரல் பார்க்குக்குள் போனால் மரம்தான் கதி. மரத்துக்கு மரம் குரங்கு மாதிரித் தாவிக்கொண்டு தாழப் பறக்கவேண்டும், எரிச்சலாக வரும். ஐந்தாம் அவென்யூ பக்கம் திரும்பி உயரமான சுவர் கிடைத்ததும் ஒரு மூச்சு வரும் பார்.

முதல் மூன்று நாள் நான் சுவரில் மோதாத கட்டடம் இல்லை. ஆனால் இந்தப் பையன் மோதினாலும் விழமாட்டான், அப்படியே சுவரில் மேல்நோக்கி ஓட ஆரம்பித்துவிடுவான். எம்பயர் ஸ்டேட் உச்சிக்கு அவனை ஏற்றி, அங்கிருந்து தலைகீழாகக் குதிக்கவிட்டு, நூலே விடாமல் ரோட்டில் இறக்கினேன். கட்டைவிரல் இரண்டும் வியர்த்துவிட்டது. அவன் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து நிற்கிறான்! இந்த ஆட்டத்தில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாதாம். அது தெரிந்த பிறகுதான் எனக்குப் பயம் போயிற்று.

இன்னொன்று கவனித்தேன். மொட்டைமாடிச் சண்டையில் ரௌடியை உதைத்துக் கீழே தள்ளிவிட்டேன். ஐயோ, கொலை பண்ணிவிட்டோமே என்று எட்டிப் பார்த்தால் அந்த ஆள் பாதி வழியில் சுவரோடு நூலில் ஒட்டிக்கொண்டு தொங்குகிறான். யாரும் சாகக்கூடாது என்று ஏற்பாடு. ஸ்பைடர்மேன் கொல்லமாட்டான் என்ற விரதத்தை, ஆடுகிறவள் கைதவறி முறித்தாலும் முறியாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

சண்டை எனக்கு அவ்வளவாக வரவில்லை. தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு மின்னினால் அடி வரப்போகிறது என்று அர்த்தம், உடனே விலகும் பட்டனை அழுத்தவேண்டும். நான் அழுத்துவதற்குள் அடி வந்து, வலி போய், தழும்பே ஆகியிருக்கும். லேசான ஒரு நிலைக்குப் பெயர் ‘ஃப்ரெண்ட்லி’. அதை வைத்துக்கொண்டேன், வெட்கமில்லை. என் மணிக்கட்டு வலிதான் உனக்குத் தெரியுமே. பட்டனைப் படபடவென்று தட்டவேண்டிய இடத்தில் சும்மா அழுத்திப் பிடித்தால் போதும் என்று மாற்றிக்கொள்ள செட்டிங்கில் வழி வைத்திருக்கிறார்கள். என்னைப் போல ஒருத்தி ஆடுவாள் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இப்போது வம்புக்கு வருகிறேன். நீ ஆடப்போவதில்லை, அதனால் கதையைச் சொன்னால் பாவமில்லை.

முகமூடிக்குள் இருக்கும் பீட்டருக்கு இதில் 23 வயது. முகமூடி போட ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகிறது. படுக்கையிலிருந்து எழுந்திருக்கும்போதே கதவுக்கு அடியில் வாடகை பாக்கி நோட்டீஸ் வந்து விழுகிறது. ஊரையே காப்பாற்றுகிறவனுக்கு வாடகை கட்ட வக்கில்லை! வேலை ஒரு டாக்டரின் ஆராய்ச்சிக்கூடத்தில். செயற்கைக் கை கால் செய்கிற ஆக்டேவியஸ் என்ற நல்ல மனுஷர், ஆனால் கையில் காசு நிற்காது. அவருடைய பழைய கூட்டாளி ஆஸ்பார்ன் இப்போது மேயர். அந்த மேயர் மானியத்தை நிறுத்த, கூடம் முடங்க, பீட்டரின் வாடகை நின்றுபோகிறது. ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் கதவுப் பூட்டை மாற்றி, சாமான்களைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். ஆறு கை வில்லனையும் காண்டாமிருக வில்லனையும் அடிக்கிறவன், தன் சாமானைத் தேடிக் குப்பை லாரி பின்னால் ஓடுகிறான். நாங்கள் இங்கே வந்த புதிதில் வீடு காலி பண்ணிய கதை உனக்குத் தெரியுமே. லாரி பின்னால் அவன் ஓடும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. இந்தக் காட்சிக்கு எந்த விசையும் சரியாக அழுத்தத் தோன்றவில்லை.

காதலி எம்ஜே. ஏற்கெனவே பிரிந்த ஜோடி. நிருபர், கெட்டிக்காரி, சொன்ன பேச்சைக் கேட்கமாட்டாள். இரண்டு பேரும் பழைய ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு அசடு வழிகிறார்கள். அங்கே சமையல்காரராக ஸ்டான் லீயே தலையைக் காட்டி, உங்கள் ஜோடி எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார். ஆட்டம் வந்த இரண்டு மாதத்தில், 2018 நவம்பர் 12-இல் அவர் போய்விட்டார். என் பையன் மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

ஜேம்சன் என்று ஒரு பழைய பத்திரிகை ஆசிரியர். வேலையை விட்டுவிட்டு இப்போது ஒலிபரப்பு நடத்துகிறார். ஊஞ்சலாடும்போதெல்லாம் காதில் அவர் கத்தல். பீட்டர் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றினால் கண்ணாடி உடைந்ததற்கு யார் பொறுப்பு என்பார். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒருத்தர் இருக்கிறார், அச்சு அசல். குரலை அணைத்துவிட ஆட்டத்தில் வழி இருக்கிறதா என்று நான் தேடவில்லை. பழகிவிட்டது.

நடுவில் எம்ஜேயாக நாம் பதுங்கிப் பதுங்கிப் போகும் கட்டங்கள் வரும். சண்டை கிடையாது, பெட்டிக்குப் பின்னால் ஒளிவது, ஆள் திரும்பும்போது நழுவுவதுதான். என் பையன் சொல்கிறான், எல்லாரும் திட்டுகிற இடமாம் அது. எனக்கு அதுதான் கைவந்தது! மாமியார் தூங்கும் வீட்டில் அடுக்களையில் காபி போட்டுப் பழகியவளுக்கு அது ஒரு வித்தையா?

அதில் ஒரு கட்டம் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனில் நடக்கிறது. துப்பாக்கியோடு முகமூடி ஆட்கள் நிற்க, அவள் தூணுக்குத் தூண் ஒளிந்து சைகை காட்டுகிறாள், மேலேயிருந்து பீட்டர் ஒவ்வொருத்தனாகத் தூக்குகிறான். நான் எங்கே இறங்குகிறவள்? கிராண்ட் சென்ட்ரலில். ரயில் வெர்னான்–ஜாக்சன் தாண்டி ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் போய்க்கொண்டிருந்தது. திரையில் ஒரு முகமூடிக்காரன் என் பக்கம் திரும்பிவிட்டான். எப்படி எழுந்திருப்பது? அந்த ஆள் நகரட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் நகர்ந்தபோது நிஜ ஸ்டேஷன் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஹட்ஸன் யார்ட்ஸ், கடைசி நிறுத்தம். ஆபீஸில் ரயில் லேட் என்றேன். ரயில் பாவம், அன்றைக்கு நிமிஷம் தவறாமல் வந்தது. திரும்பி வந்து கிராண்ட் சென்ட்ரலில் இறங்கி, அந்த நாலு முகக் கடிகாரத்தைத் தாண்டும்போது என்னையறியாமல் தூணைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மீனு, 24 வருஷமாக இந்த ஸ்டேஷனில் இறங்குகிறேன். சுரங்கத்தில் வந்து, சுரங்க வழியாகவே ஆபீஸ் கட்டடத்துக்குள் ஏறி, சாயங்காலம் அதே பொந்துக்குள் இறங்கிவிடுவேன். மன்ஹாட்டன் எனக்கு ஒரு எலிவளை. அண்ணாந்து பார்த்தது உறவுக்காரர்கள் வந்தபோது மட்டும்தான். இப்போது எந்தத் தெருமுனையில் எந்தக் கட்டடம் உயரம், எங்கே நூல் மாட்டலாம் என்று தெரிகிறது. போன வாரம் மதிய இடைவேளையில் வெளியே வந்து, மாடிகளைப் பார்த்தபடி நின்றதில், ஹாட்டாக் வண்டிக்காரர் என்னை இடித்து நகர்த்தவேண்டியதாகிவிட்டது.

மே பெரியம்மா கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. வீடில்லாதவர்கள் தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறாள். அங்கே அன்னதானப் பிரபு மாதிரி ஒருத்தர், லீ என்று பெயர். அவரே பின்னால் ராட்சசனாக மாறுகிறார், நம் ஊரில் பார்க்காததா. கடைசியில் ஊர் முழுக்க விஷநோய். பெரியம்மாவுக்கும் வந்துவிடுகிறது. மருந்து ஒரே ஒரு குப்பிதான். அதை வைத்துத்தான் ஊருக்கெல்லாம் மருந்து செய்யவேண்டும், அதற்கு நேரமாகும், அதுவரை பெரியம்மா தாங்கமாட்டாள். குப்பி பீட்டர் கையில். அவள் அவனைப் பார்த்து முகமூடியைக் கழற்று என்கிறாள். அவளுக்கு எப்போதிலிருந்தோ தெரியுமாம்! இத்தனை நாள் தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள். நான் ஒரு பட்டனையும் அழுத்தவேண்டியதில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜங்ஷன் புலவார்டில் ஏறிய ஒரு ஸ்பானிஷ் பாட்டி எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள், டிஷ்யூ எடுத்து என் மடியில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரி, அழுதது போதும். இதை ஆட மட்டுமில்லை, நிறுத்தவும் ஒரு வித்தை இருக்கிறது. மேலே ஒரு சின்ன பட்டன். அழுத்தினால் எந்த நொடியில் இருக்கிறானோ அந்த நொடியில் உறைந்துவிடுவான். காலையில் கிராண்ட் சென்ட்ரல் வரும்போது அவன் நாற்பதாவது மாடி உயரத்தில் ஊஞ்சலின் நடுவில் இருப்பான். பட்டனைத் தட்டிக் கைப்பையில், டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில் சொருகிவிடுவேன். நான் இன்வாய்ஸ் பார்த்து, மீட்டிங்கில் தலையாட்டி, தயிர்சாதம் சாப்பிட்டு, மறுபடி இன்வாய்ஸ் பார்க்கும்வரை பையன் பைக்குள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருப்பான். ஐந்தே முக்காலுக்கு ரயிலில் உட்கார்ந்து தட்டினால், விட்ட இடத்திலிருந்து விட்ட வேகத்தில் பாய்கிறான்.

பேட்டரிதான் வாட்டும். ஃபேன் வேறு, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி இரையும். மூன்று புள்ளி போட்ட பட்டனை அழுத்தி, நொடிக்கு 30 படம் போதும் என்று கட்டிவைக்க என் பையன் சொல்லிக்கொடுத்தான். இப்போது இரைச்சலும் குறைவு, போக வர இரண்டு நேரத்துக்கும் சார்ஜ் நிற்கிறது. ராத்திரி என் மேஜையில்தான் சார்ஜில் போடுகிறேன், துணி மூடி.

இங்கேதான் ஒரு விஷயம், உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஆட்டத்தில் மொட்டைமாடியில் ஹோவர்ட் என்று ஒரு வீடில்லாத தாத்தா இருக்கிறார். அவருடைய புறாக்கள் ஊர் முழுக்கப் பறந்துவிட்டன, 12 புறா. அவற்றைத் துரத்திப் பிடித்துத் தரவேண்டும். சந்து பொந்தெல்லாம் நுழைந்து பறக்கும், சனியன்கள். நான் கஷ்டப்பட்டு நாலு பிடித்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயின் ஸ்ட்ரீட் வந்தபோது பையனை அந்தரத்தில் நிறுத்திவிட்டு வந்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. நேற்று கோயில் கேன்டீனில் தோசை வாங்கிக்கொண்டு வந்து, சும்மா ஒரு நிமிஷம் பார்க்கலாம் என்று துணியை எடுத்துத் தட்டினால், பையன் ஏதோ ஒரு தண்ணீர்த் தொட்டிமேல் ஒழுங்காகக் குந்தியிருக்கிறான். புறா ஒன்பது.

என் பையன் காலேஜில். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருத்தர் தினமும் காலையில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஃபயர் எஸ்கேப்பில் புறா விரட்டுகிறவர். இரண்டு நாளாக வலது கட்டைவிரலில் அயோடெக்ஸ் போட்டுக்கொண்டு, கிச்சனில் பாட்டில் மூடி திறந்ததில் சுளுக்கு என்கிறார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் மூன்று புறா பாக்கி இருக்கிறது.

உன்
வசு